வயலின் ஆசான் லியோபோல்டு மோஸார்ட்

மோஸார்ட் என்றவுடன் மேனாட்டு இசையை ஓரளவேனும் அறிந்தோர் நெஞ்சில் தோன்றுபவர் மைந்தர் வுல்ஃப்காங்கே. தந்தையார் லியோபோல்டு, மேதையைப் பெற்றவர் என்ற அளவிலேயே நினைக்கப்படுகிறார். பிள்ளைகளை வயலின் பயில அனுப்பும் பெற்றோர் பலர் நம் காலனியில் உள்ளனர். அவர்கள் அறிய வேண்டியவர் தந்தையாரே எனக் கருதி இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

லியோபோல்டு 1719ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில், புத்தகம் கட்டும் தொழில் செய்தவரின் மகனாகப் பிறந்தார். 1737இல் மேற்படிப்பிற்காக, பேராயரின் ஆட்சியிலிருந்த ஸால்ஸ்பர்க் நகரை அடைந்தார். இன்று அந்நகர் ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வாராதவர் என்று 1739இல் பல்கலைக்கழகம் அவரை நீக்கிவிட்டது. பின்னாளில் ஒழுங்கான பயிற்சிக்கு நூல் வகுத்தவர் இளமையில் இவ்வாறிருந்தது விந்தையே! 1743இல் பேராயரின் இசைக்குழுவில் நான்காம் வயலின் கலைஞராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு பேராலயத்தில் பாடும் சிறுவர்க்கு வயலின் கற்பிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1747இல் அன்னா மரியா என்னும் நங்கையை மணந்தார். பிறந்த மக்கள் எழுவர்; எஞ்சியோர் இருவர்.

அவ்விருவருள் இளையவரான வுல்ஃப்காங் பிறந்த 1756ஆம் ஆண்டிலேயே, தந்தையாரின் வயலின் பயிற்சி நூலும் அச்சேறியது. தவறாகப் பயின்று வந்த மாணவர்களை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்யும் துயரத்தைப் பலகாலும் கண்டு, அவ்விரக்கத்தால் எழுந்த நூல் அது.

கருவியைக் கையிற் கொடுக்குமுன் தாளத்தையும் சுரக்குறிகளையும் மாணவன் அறிதல் வேண்டும் என்பது அவர் முதற்கொள்கை. ஆயின் பெற்றோர் பொறுப்பதில்லை. மகன் எப்படியோ ஒரு சிறு நடனப்பாட்டை இழுத்துவிட்டால், கொடுத்த சம்பளம் வீண்போகவில்லை என்று மகிழ்கின்றனர். அவர்களை மகிழ்விக்க ஆசிரியரும் அடிப்படையைக் கைவிடுகிறார். இதை அவர் கடிந்துரைக்கும் பகுதியைப் படிக்கையில், நம் வீடுகளில் விருந்தினர் முன் குழந்தையை நிறுத்தி, கீர்த்தனை ஒன்று வாசிக்கச் சொல்லும் வழக்கம் நமக்கு நினைவிற்கு வாராமற் போகாது.

சுரத்தின் இடம் தெரிவதற்காக விரற்பலகையில் எழுத்துச் சீட்டு ஒட்டுவதையும் கீறி அடையாளம் செய்வதையும் அவர் ஏற்கவில்லை. செவியே வழிகாட்ட வேண்டும். அது சற்றும் இல்லாதவன் வயலினை விடுத்துக் கோடரியை எடுக்கலாம் என எள்ளவும் செய்தார். மாணவரின் இயல்பறிந்து கற்பிக்கும் முறையே எமக்கு மிகவும் பிடித்தது. பரபரப்புள்ளவனுக்கு மெதுவான பாடம், சோர்வுள்ளவனுக்கு விறுவிறுப்பான பாடம் என்று வகுத்தார்.

கருவியைப் பேணுவதிலும் அவர் கண் சென்றது. வார்னிஷின் பளபளப்பையும், தலைப்பகுதியிற் செதுக்கிய சிங்கமுகத்தையும் கண்டு வயலினை மதிப்பிடுவோரை நகையாடினார். ஒலி கூர்மையாகச் செவியைத் துளைத்தால் தாழ்ந்து அகன்ற, சற்றுத் தடித்த குதிரையை வைக்கலாம். மந்தமாயிருந்தால் மெல்லியதும் உயர்ந்ததுமான குதிரை உதவும் என்றார். கருவியை மாற்றப் பொருளில்லாத ஏழை மாணவனுக்கு இவ்வறிவு எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

நூல் 1766இல் டச்சு மொழியிலும் 1770இல் பிரெஞ்சிலும் வெளிவந்து புகழ் பெற்றது. ஆசிரியரோ 1763இல் துணைத் தலைமை இசைஞரானதோடு சரி; தலைமைப் பதவி இறுதிவரை கிட்டவில்லை. மக்களை அழைத்துக்கொண்டு பாரிஸ், லண்டன் என ஆண்டுக்கணக்கில் சுற்றியதால், தாம் இசையமைப்பதையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். அவரைக் கடுமையான தந்தை என்பர். முழுதும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் 1777ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு செப்டம்பரில் மகன் தாயுடன் வேலை தேடி ஊரைவிட்டுச் சென்றார். வெளியே சென்று வீட்டை நெருங்கும்போதெல்லாம், உள்ளே மகன் வயலின் வாசிக்கும் ஒலி கேட்கும் என்றே தமக்குத் தோன்றுவதாகத் தந்தையார் அவருக்குக் கடிதம் எழுதினார். முயன்றால் ஐரோப்பாவின் முதல் வயலின் கலைஞராகலாம் என்றும் ஊக்கினார். மகனின் மனமோ பியானோவிலும் இசையமைப்பிலுமே ஊன்றியிருந்தது. மறு ஆண்டு ஜூலையில் தாயார் பாரிஸில் காலமானார். 1781இல் மகன் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்.

லியோபோல்டு கற்பிப்பதை நிறுத்தவில்லை. மார்ச்சண்ட் குடும்பத்துப் பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பயிற்றுவித்தார். அவருள் ஹைன்ரிக் என்னும் சிறுவன் வயலினில் தேர்ந்தான். 1785இல் மகள் பெற்ற ஆண்குழந்தையையும் தாமே வளர்க்கலானார். 1787ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ஸால்ஸ்பர்க்கில் அவர் உயிர் நீத்தார். வயலின் நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.