சதுரங்க மேதை சுல்தான் கான்

சதுரங்கம் என்றதும் ஆனந்த், பிரக்ஞானந்தா, குகேஷ் என்று நம் நினைவுக்கு வரும் பெயர்கள் பல. இவர்களுக்கு வெகுகாலம் முன்பே, முன்னாள் உலகச் சாம்பியன் ஒருவரைத் தோற்கடித்த இந்தியர் மீர் சுல்தான் கான்.

1903-ஐ ஒட்டி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சர்கோதா பகுதியைச் சேர்ந்த மித்தா திவானாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையிடம் நம் நாட்டு முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது; அதற்குப் பதில் ராஜா ஒரு தடவை குதிரைபோல் தாவலாம். 21 வயதுக்குள் பஞ்சாபில் அவருக்கு இணையான ஆட்டக்காரர் இல்லை என்ற பெயர் கிடைத்தது.

செல்வந்தரான சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து, மேல்நாட்டு விதிகளைப் பயிலச் செய்தார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளி. 1929-ல் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியனானார். 1932, 1933 ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே. ஹேஸ்டிங்ஸ் 1930-31 போட்டியில் காபபிளாங்காவை வென்றார். நான்கு வயதிலேயே ஆடக் கற்ற காபபிளாங்கா, 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர்!

சுல்தான் கானுக்கு மேல்நாட்டு ஆட்டத் துவக்கங்களைப் பற்றிய நூலறிவு குறைவு. குளிரும் மலேரியாவும் வேறு வாட்டின. படிப்பறிவற்ற வேலைக்காரர் என்று அவரைப் பலர் எழுதிவிட்டனர். குடும்பத்தார் அதை மறுத்துள்ளனர்.

1933 இறுதியில் சர் உமருடன் அவரும் தாயகம் திரும்பினார். 1935-ல் காடில்கருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றை மட்டும் சமன் செய்து மற்றவற்றை வென்றார். அதன்பின் சர்வதேச அரங்கில் அவரைக் காண முடியவில்லை. அப்போது வயது முப்பதை ஒட்டித்தான்! நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த அவர், 1966-ல் காசநோயால் காலமானார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்க அவர் விரும்பவில்லையாம். உலகச் சதுரங்க சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-ல், மறைந்து 58 ஆண்டுகள் கழித்து.

திறமையில் அவருக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரே ஒருவரின் ஆதரவை நம்பியிருந்தது. அவர் ஊர் திரும்பியதும் ஆட்டமும் நின்றது.

கோவண்டியில் எங்கள் கட்டிடத்திலும் மாலையில் பலகையை விரித்து உட்காரும் சிறுவர்கள் உண்டு. வெளியூர்ப் போட்டி என்றால் ரயில் கட்டணம், தங்க இடம், துணைக்கு ஒரு பெரியவர், பள்ளியில் விடுப்பு என எத்தனையோ தேவை. தகப்பனார் ஒருவரே எத்தனை ஆண்டு இதைத் தாங்குவார்? பல நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர்கள், போட்டிக்கு வரும் ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால்கூட அது பெரிய உதவி. முதல் கோப்பைக்குப் பிறகும் அந்த உதவி தொடர வேண்டும்.