அறப்போர் வீரர் மார்ட்டின் லூதர் கிங்

பகையை வெல்லும் வழிகள் இரண்டு. படைக்கலத்தால் வெல்லுதல் ஒன்று. அன்பினால் வெல்லுதல் மற்றொன்று. முன்னதினும் பின்னது அரிது. அவ்வரிய வழியில் நின்று தம் மக்களின் உரிமையை நிலைநாட்டியவர் மார்ட்டின் லூதர் கிங் ஆவார்.

இவர் 1929ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் அட்லாண்டா நகரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். மாந்தர் யாவரும் நிகராகப் படைக்கப்பட்டனர் என்று 1776ஆம் ஆண்டிலேயே உலகறியச் சாற்றிய நாடு அது. அடிமை முறையும் அங்கு 1865இல் ஒழிந்தது. ஆயினும், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளியும் வேறு; உணவு விடுதியும் வேறு; பேருந்தில் இருக்கையும் வேறு. இவ்விழிவு கிங்கின் உள்ளத்தை இளமையிலேயே வருத்தியது. சமய நூல்களைக் கற்ற காலத்தில் காந்தியடிகளின் வரலாற்றையும் அவர் ஆழ்ந்து பயின்றார். இன்னா செய்யாமையே விடுதலைக்கு ஏற்ற கருவி எனத் தெளிந்தார். 1954இல் மாண்ட்கோமரி நகரில் போதகராக அமர்ந்தார்.

அந்நகரில் 1955ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார் பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தார். அதனால் கைது செய்யப்பட்டார். அது கேட்ட கறுப்பின மக்கள், இனிப் பேருந்தில் ஏறுவதில்லை என உறுதி பூண்டனர். இருபத்தாறு வயதினரான கிங்கைத் தலைவராகத் தேர்ந்தனர். முதியோரும் மகளிரும் வெகுதொலைவு நடந்தே பணிக்குச் சென்றனர்.

1956ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் உயிர்நீத்த எட்டாம் ஆண்டு நினைவு நாள். அன்றிரவு கிங் கூட்டம் ஒன்றில் இருந்தபோது, அவர் இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் பச்சிளங்குழந்தையும் இருந்தனர். நல்லூழால் இருவரும் தீங்கின்றித் தப்பினர். செய்தி பரவவே, மக்கள் பெருந்திரளாகக் கூடினர். சிலர் கைகளில் படைக்கலமும் இருந்தது. கிங் விரைந்து வந்து, மனைவியையும் மகவையும் கண்டார். பின்னர்ச் சிதைந்த முன்றிலில் நின்றார். பகைவரையும் நேசித்தல் வேண்டும் என்றும், படைக்கலங்களை இல்லத்திற்கு எடுத்துச் செல்க என்றும் அமைதியாக வேண்டினார். சினந்து வந்த கூட்டம் அடங்கித் திரும்பியது. பிறர்க்கு உரைத்த அறத்தைத் தமக்குத் துன்பம் வந்துற்ற வேளையிலும் அவர் கைவிட்டிலர்.

381 நாள் நீடித்த அப்போராட்டம் வென்றது. பேருந்தில் இனவேற்றுமை காட்டுதல் அரசியலமைப்புக்கு முரணானது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1959இல் கிங் இந்தியாவிற்கு வந்து, காந்தியடிகளின் நினைவிடத்தில் வணக்கம் செலுத்தினார். 1963இல் வாஷிங்டன் நகரில் அவர் உரை கேட்க ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். 1964இல் குடிமை உரிமைகள் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1964இல் அமைதிக்கான நோபல் பரிசும் அவரை அடைந்தது.

1968ஆம் ஆண்டு, துப்புரவுத் தொழிலாளரின் உரிமைக்குத் துணை நிற்க மெம்பிஸ் நகருக்குச் சென்றார். அங்கு ஏப்பிரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்பதே. குண்டு அவர் உடலை வீழ்த்தியது. அவர் வென்று தந்த உரிமையை வீழ்த்த அதனால் இயலவில்லை. சினத்தை வென்றவரே பகையை வெல்வர் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.