நூலுக்கு விலை கேட்ட புலவர்

தன் நூலைத் தானே எடுத்துச் சென்று விலை கூறுதல் புலமைக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்றும் நீங்கவில்லை. பழுகாமத்திலும் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் நூல் வெளியீட்டு விழாக்கள் பல கண்டிருக்கிறேன். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என உறையிற் பணமிட்டுப் பெறுவோர் வரிசையாக வருவர். விழா முடிந்ததும் எஞ்சிய கட்டுகள் ஆசிரியர் வீட்டுக்கே மீளும். அவர் கண்டவர்க்கெல்லாம் இலவசமாய் ஈவார். விலை சொல்ல நாணுவார். இந்நாணம் வேண்டுவதன்று என்பதற்குச் சுப்பிரமணிய பாரதியார் வாழ்வு நல்ல சான்று.

1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்த அவர், புலவரைப் புரவலர் ஓம்பிய பழைய மரபின் அந்திப்பொழுதில் வந்தவர். இளமையில் எட்டயபுர ஜமீனிலே பணிபுரிந்தார். பின்னர்ச் சென்னை சென்று பத்திரிகைத் தொழில் மேற்கொண்டார். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியற் கொள்கையில் மாறுபட்டவராயிருந்தும், பாரதியார் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்குவித்தார். ஆயினும் இலவசத்தோடு அமைந்துவிடப் பாரதியார் விரும்பினாரல்லர். 1908இல் ஸ்வதேச கீதங்களை நூலாக வெளியிட்டார்.

அவ்வாண்டே ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி புகுந்தார். ஆங்குப் பத்தாண்டு வாழ்ந்த காலத்தில் அவர் பாட்டு வளர்ந்தது. அதனை வாசகரிடம் சேர்க்கும் வழியோ அடைபட்டது. 1911இல் அவருடைய நூல்கள் இரண்டினைச் சென்னை அரசு தடைசெய்தது. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது. 1917இல் கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் சென்னையிற் பதிப்பித்தார். எஞ்சியவை பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன.

1918 நவம்பரிற் புதுச்சேரியை விட்டு வெளிவந்த பாரதியார், கடலூரிற் சிலநாட் சிறையிருந்து, பின் மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையம் சேர்ந்தார். வறுமை சூழ்ந்தது. 1919இல் எட்டயபுர ஜமீன்தாருக்குப் பழைய முறையிற் சீட்டுக்கவி விடுத்தார், பயன் விளைந்திலது. 1920இல் அவர் செய்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. புரவலரை விட்டுப் பொதுமக்களை நோக்கினார். தம் எழுத்தனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட எண்ணி, 20,000 ரூபா முதல் வேண்டுமெனக் கணக்கிட்டு, அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் நூல்கள் அன்றாடம் மக்கள் வாங்கும் தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போல எளிதில் விலைபோகும் என்று நம்பினார்.

அவர் கேட்டது நன்கொடையன்று. வட்டியோடு திருப்பித் தரும் கடன். தம் நூலின் தகுதியை மறைக்காமற் சொன்னார். இது தற்பெருமையோ எனின், அன்று. தன் பொருளின் தரத்தைத் தானே நம்பாதவன் பிறரை வாங்குமாறு எங்ஙனம் கேட்பான்?

பணம் வந்து சேர்ந்திலது. திட்டம் நிறைவேறுமுன், 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்பாமலே மறைந்தார். எழுத்தறிந்தோர் சிறுபான்மையராயிருந்த நாட்டில் நான்கு லட்சம் பிரதி என்பது மிகைக் கணக்கே. ஆனால் அவர் வாசகரைத் தேடிய திசை பிழையன்று. 1922இல் செல்லம்மாள் ஸ்வதேச கீதங்களை வெளியிட முன்வந்தார். கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்தபோது, அப்பாடல்களைக் கற்றோர் அவையில் ஏற்றினார். 1949இல் பதிப்புரிமையைச் சென்னை அரசு பெற்றது. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று. மலிவுப் பதிப்புகள் ஊர்தோறும் பரவின.

ஆதலின் நூலாசிரியர்காள், விலை கூற நாணாதீர். இரந்தும் நில்லாதீர். நூல் இன்ன பொருளுடையது, இன்னார்க்குப் பயன்படும், விலை இவ்வளவு என்று நிமிர்ந்து சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்காள், அவ்வாறு ஒருவர் நம் பாடசாலை வாயிலில் நூற்கட்டோடு வந்து நிற்பின், இலவசப் பிரதி கேளாமல் விலைகொடுத்து ஒன்றேனும் வாங்குவோமாக. பாரதியார் காத்திருந்தும் காணாத வாசகர் அவர்க்கேனும் வாய்க்கட்டும்.