முதல் படி அமைத்த கரிவரதன்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

உச்சியில் நிற்பவனை உலகம் அண்ணாந்து பார்க்கும். அவன் ஏறி வந்த ஏணிக்கு முதல் படி செய்து வைத்தவரைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே. இந்தியக் கார் பந்தய வரலாற்றில் அப்படியொரு முதல் படியைச் செய்து வைத்தவர் கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். பந்தய உலகினர் அவரைக் ‘கரி’ என்றே சுருக்கமாக அழைத்தனர். அவருடைய வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

சிறியதிலிருந்து பெரியதற்கு

நம் பேராவூரணி வட்டாரத்தாருக்குப் பந்தயம் புதிதன்று. கோயில் திருவிழாக் காலங்களில் நடக்கும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்தை அறியாதவர் நம்மில் எவர்? அங்கே பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்துத்தான் வண்டிகளை விடுகிறார்கள். இளங்காளைகளைப் பெரிய மாடுகளோடு ஓட விட்டால் அது போட்டியாகாது. மாட்டுக்கும் கேடு, சாரதிக்கும் கேடு. சிறிய பிரிவில் ஓடித் தேறிய பிறகே பெரிய பிரிவு.

கார் பந்தயத்திலும் இதே முறைதான். சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே தெரிய, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயக் கார்களில் ‘ஃபார்முலா 1’ என்பது பெரிய மாட்டுப் பிரிவு. அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயமும் அத்தகையதே. அங்கே ஓட்ட ஆசைப்படும் இளைஞர் பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளில் தேறித்தான் மேலே வருகிறார். யு.எஸ்.எஃப். 2000, யு.எஸ்.எஃப். புரோ 2000, இண்டி என்.எக்ஸ்.டி. என்பன அப்படிகளின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பருவம் முழுவதும் பல ஊர்களில் ஓட்டிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கீழ்ப் பிரிவுகளில் முதலிடம் பெறுவோருக்கு அடுத்த படியில் ஓட்டுவதற்கு உதவித்தொகையும் உண்டு. உதவித்தொகையின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லையே!

இந்த ஏணிகளின் அடிப்படியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1960களில் அமெரிக்கர்கள் ‘ஃபார்முலா வீ’ என்ற பிரிவைத் தொடங்கினார்கள். சாதாரணக் குடும்பங்கள் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’க் காரின் எஞ்சினையும் பிற பாகங்களையும் கொண்டே அந்தப் பந்தயக் கார்களைச் செய்தார்கள். தெருவில் ஓடும் காரின் பாகங்கள் மலிவு. பழுது பார்ப்பதும் எளிது. இதே சூட்சுமத்தை நம் நாட்டில் நடத்திக் காட்டியவர்தான் கரிவரதன்.

சோழவரத்து ஓடுபாதை

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்குக் கோயம்புத்தூர் என்றதும் நினைவுக்கு வருவது பம்புசெட்டு. வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் நூற்பாலைகளும் நிறைந்த ஊர் அது. அங்கே 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லட்சுமி மில்ஸ் ஆலையின் குடும்பத்தில் பிறந்தவர் கரிவரதன். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய மனம் நாடியது காரையும் வேகத்தையும்.

அக்காலத்தில் தென்னாட்டுப் பந்தயங்களின் தலைநகரம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வரவழைக்கக்கூடிய பெருஞ்செல்வர்கள் ஒருபுறம். உள்நாட்டுக் கார்களைத் தாமே திருத்தி ஓட்டிய ஆர்வலர்கள் மறுபுறம். கரிவரதனும் அங்கே ஓட்டினார். ஓட்டியதோடு நிற்காமல் கார்களைப் பிரித்துத் திருத்தி அமைப்பதிலும் வல்லவரானார்.

தாம் வெல்வதற்கு வேண்டிய வசதி அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் கவலைப்பட்டது வேறொன்றைக் குறித்து. இறக்குமதிக் காரை நம்பியிருக்கும் வரையில் இந்த நாட்டில் பந்தயம் சிலரது பொழுதுபோக்காகவே இருக்கும். திறமையுள்ள இளைஞன் எங்கே தொடங்குவான்?

மாருதி எஞ்சினில் ஒரு பந்தயக் கார்

1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. சிறியது, எடை குறைந்தது. 1980களின் பிற்பகுதியில் கரிவரதன் அந்த எஞ்சினைப் பொருத்தி ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். அதுவே ‘ஃபார்முலா மாருதி’.

இவ்வளவு சிறிய எஞ்சினால் பந்தயம் ஓட முடியுமா என்ற ஐயம் எழலாம். வகுப்பில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதியே விடை தருகிறது. விசை மாறாதிருக்க, நிறை குறையுமானால் முடுக்கம் கூடும். கூரை, கதவுகள், பின் இருக்கைகள், மெத்தை ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டால் குடும்பத்தைச் சுமந்த எஞ்சின் ஓட்டுநர் ஒருவரை மட்டும் சுமக்கிறது. அவரும் தரையை ஒட்டித் தாழ்வாக அமர்வதால் புவியீர்ப்பு மையம் கீழிறங்குகிறது. வளைவுகளில் கார் நிலைகுலையாமல் திரும்புகிறது.

இதைவிட முக்கியமான நன்மை ஒன்றுண்டு. எல்லாரும் ஒரே வகைக் காரை ஓட்டும்போது பணப்பையின் கனம் வெற்றியை எளிதில் தீர்மானிக்க முடியாது. கையின் பதமும் கண்ணின் கூர்மையும் நெஞ்சின் உறுதியும் முன்னே வந்து நிற்கும்.

படியேறியவர்கள்

1990ஆம் ஆண்டு திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஃபார்முலா மாருதி பந்தயங்களுக்கு அது நல்ல களமாயிற்று. கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். 1994ஆம் ஆண்டு பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பட்டம் வென்ற முதல் இந்தியரானார்.

அடுத்த ஆண்டே, 1995இல், கரிவரதன் விமான விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவர் நாற்பதைச் சற்றே கடந்திருந்தார்.

அவர் செய்த படி அவரோடு அழியவில்லை. 2005ஆம் ஆண்டு நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காம் இடம் பெற்றார். டயர்ச் சிக்கலால் பல அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2000ஆம் ஆண்டு ஃபார்முலா மாருதியில் வெற்றிவீரரான சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா 1இல் ஓட்டினார். மாருதிக்குப் பின் வந்த எல்.ஜி.பி. ஃபார்முலா பிரிவில் பழகிய சென்னை இளைஞர் அர்மான் இப்ராகிம், 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘இண்டி லைட்ஸ்’ பந்தயங்களில் ஓட்டினார். மேலே சொன்ன இண்டி என்.எக்ஸ்.டி. பிரிவின் பழைய பெயர்தான் அது.

கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அவர் பெயரையே சூட்டினார்கள். இளைய பிரிவுகளின் தேசியப் பந்தயங்கள் பல அங்கே நடந்து வருகின்றன.

நாம் கொள்ள வேண்டியது

மாருதி எஞ்சின் வந்ததனால் கார் பந்தயம் ஏழைக்கு எட்டிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகும். டயருக்கும் எரிபொருளுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு உழவர் வீட்டுப் பிள்ளையின் கைக்கு இன்றும் எட்டாது. கரிவரதன் குறைத்தது முழு உயரத்தையன்று. முதல் படியின் உயரத்தை. ஆனால் அதைக் குறைக்காமல் எந்த ஏணியிலும் எவரும் ஏற முடியாது.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படியே. உள்ளூரிலேயே ஓர் அரசு கல்லூரி, கட்டக்கூடிய கட்டணம், பேருந்துச் சலுகை, உதவித்தொகை ஆகிய இவையெல்லாம் எவரோ சிலர் நமக்காகத் தாழ்த்தி வைத்த முதல் படிகள். எட்டாத உயரத்தில் பிறந்த ஒருவர், கீழே நிற்பவனுக்கும் கால் எட்ட வேண்டும் என்று எண்ணிப் பட்டறையில் இறங்கி உழைத்தார். நாம் பட்டம் பெற்று ஒரு நிலைக்கு வரும்போது, நமக்குப் பின்னே வரும் தம்பி தங்கையருக்கு எந்தப் படியைத் தாழ்த்தி வைக்கப் போகிறோம் என்று இப்போதே எண்ணத் தொடங்குவோம்!