மடல் வளர்த்த உரிமைச் சாசனம்

1751இல் வர்ஜீனியாவில் பிறந்த ஜேம்ஸ் மாடிசன், 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பை வடிப்பதில் முன்னின்றவர். அவருடைய நண்பர் தாமஸ் ஜெபர்சன் அப்போது பாரிசில் தூதராக இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மாடிசன் நீண்ட மடலொன்றில் புதிய அமைப்பை அவருக்கு விளக்கினார். டிசம்பரில் எழுதப்பட்ட மறுமொழி, பலவற்றைப் பாராட்டிவிட்டு, மக்களுரிமைச் சாசனம் இல்லாமையைக் குறையெனச் சுட்டியது.

மாடிசன் உடனே இணங்கவில்லை. பெரும்பான்மையோர் சினந்தெழுந்தால் எழுத்திலுள்ள வேலி எதனையும் காவாது என்றே அவர் கருதினார். 1788 ஜூனில் வர்ஜீனியா 89க்கு 79 என்னும் வாக்குகளில் அரசியலமைப்பை ஏற்றது. எனினும் உரிமைச் சாசனம் வேண்டுமென்ற குரல் ஓயவில்லை. கடல் கடந்து மடல்களும் தொடர்ந்தன. அச்சாசனம் நீதிமன்றத்தின் கையில் காவற்கருவியாகும் என ஜெபர்சன் 1789 மார்ச்சில் எடுத்துரைத்தார்.

வாக்காளரின் விருப்பமும் நண்பரின் வாதமும் மாடிசனின் மனத்தை மாற்றின. அவ்வாண்டு ஜூன் 8இல் பிரதிநிதிகள் அவையில் உரிமைத் திருத்தங்களை முன்மொழிந்தவர் அவரே! 1791இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. சமய உரிமையும் பேச்சுரிமையும் முதல் திருத்தத்திலேயே இடம்பெற்றன.

அவ்வுரிமைகள் அடிமைப்பட்டோரை எட்டவில்லை. மாடிசனே அடிமைகளை வைத்திருந்தார். இக்குறையை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும், தாம் வடித்த அமைப்பின் குறையை நண்பர் சுட்டியபோது, பகை கொள்ளாது செவிமடுத்துத் திருத்திய பண்பை நாம் அவரிடம் கற்கலாம்.