மளிகைக் கடையிலிருந்து மலைத் தோட்டம் வரை

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலை வேலைக்குச் செல்வோரில் காலையில் ஒரு குவளைத் தேநீர் அருந்தாதவர் மிகச் சிலரே. அந்தத் தேயிலையைச் சிறு பொட்டலமாகக் கட்டி, ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர்களுள் முதன்மையானவர் சர் தாமஸ் லிப்டன். தோழியரே, அன்னாரது வரலாற்றைச் சிறிது காண்போம்.

அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்த ஓர் எளிய குடும்பத்தில் 1848ஆம் ஆண்டு தாமஸ் பிறந்தார். பெற்றோர் ஒரு சிறு மளிகைக் கடை நடத்தினர். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விடுத்து, எழுதுபொருள் கடையில் எடுபிடியாகவும், பின்னர் நீராவிக் கப்பலில் சிறு பணியாளராகவும் உழைத்தார். அங்குச் சேர்த்த பணத்தைக் கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பாடுபட்டபின், நியூயார்க்கில் ஒரு பெரிய அங்காடியில் வேலைக்கு அமர்ந்தார். சரக்கை அழகுற அடுக்குவது, விளம்பரம் செய்வது, வாடிக்கையாளரை முகம் கோணாமல் வரவேற்பது ஆகிய கலைகளை அங்கேதான் கற்றார். ஊர் திரும்பியபோது அன்னைக்கென்று ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடு நாற்காலியும் கொண்டு வந்தாராம். கோடீசுவரரான பின்னும் தாயின் சொல்லைத் தட்டாதவர் அவர்.

1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடையைத் திறந்தார். விளம்பரத்தில் அவருக்கு நிகர் அவரே. கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, நாடாக் கட்டி, 'லிப்டனின் அநாதைகள்' என்று எழுதிய பதாகையுடன் கடைக்கு ஊர்வலமாக நடத்திச் செல்வார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிடும்! 1881ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாலாடைக் கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள் பொற்காசுகளைப் புதைத்து விற்றார். ஆயினும் வேடிக்கை மட்டும் வணிகத்தை வளர்த்துவிடாது. இடைத்தரகரை நீக்கிச் சரக்கை விளையுமிடத்திலேயே ரொக்கத்துக்கு வாங்கியதுதான் அவரது உண்மையான பலம் என்று நமக்குத் தோன்றுகிறது. கடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 300 ஆயிற்று.

1890இல் இலங்கைக்குச் சென்றார். இலைத்துரு என்னும் நோய் 1869 முதல் அங்குக் காப்பிச் செடிகளை அழித்து வந்தது. நொடித்துப்போன தோட்டங்கள் மலிவாக விலைக்கு வந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இலேயே லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். லிப்டன் தயங்கவில்லை. அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். ஏனைய கடைகளில் ஒரு இராத்தல் தேயிலை சுமார் 3 ஷில்லிங் விற்றபோது, அவர் 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். கால், அரை, ஒரு இராத்தல் பொட்டலங்களாகக் கட்டியதால் எடையிலும் கலப்படத்திலும் ஏமாற்றம் குறைந்தது. செல்வர் பருகிய தேநீர் கூலியாளின் அடுப்படிக்கும் வந்தது.

ஆனால் அந்த மலிவுக்குப் பின்னே நிற்பவர்களையும் நாம் மறக்கலாகாது. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் மக்களே அம்மலைகளில் உழைத்தவர்கள். முன்னர் காப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் பலர் பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டத்தில் வாழ்வு ஒற்றையறை லயன்களில். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களின் சந்ததியார் குடியுரிமை இழந்தனர். 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. பின்னாளில் போரினால் கடல் கடந்து வந்து, தமிழகத்து முகாம்களில் தங்கியோருள்ளும் மலையக வழியினர் உண்டு. கும்மிடிப்பூண்டி முகாமின் அருகே வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று.

லிப்டனின் புகழோ உயர்ந்துகொண்டே போயிற்று. 1897இல் இலண்டன் ஏழைகளின் விருந்துக்காக 25,000 பவுன் அளித்தார். 1898இல் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே நிறுவனத்தின் பங்குகளை வெளியிட, மக்கள் முண்டியடித்து விண்ணப்பித்தனர். அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். அவர் தோல்வியை ஏற்ற பண்பைக் கண்டு அமெரிக்க மக்களே பணம் திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்று பரிசளித்தனர். போட்டியால் அவர் பெயர் அந்நாடெங்கும் பரவித் தேயிலை விற்பனையும் பெருகியது வேறு கதை! 1915இல் தம் சொகுசுக் கப்பலில் மருத்துவரையும் செவிலியரையும் செர்பியாவுக்கு ஏற்றிச் சென்றார். விஷக்காய்ச்சல் பரவியிருந்த நாடு அது.

கறையும் உண்டு. இராணுவ உணவுச்சாலை ஒப்பந்தங்களுக்காக அதிகாரிகளுக்குக் கையூட்டுத் தந்ததாக 1914இல் அவரது நிறுவன அலுவலர் தண்டனை பெற்றனர். அவர்மீது வழக்கில்லையெனினும் பெயர் மங்கியது. முதுமையில் நிறுவனமும் கைவிட்டுப் போனது. மணம் புரியாத அவர் 1931 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதி வைத்தார். பெற்றோர் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தம்பேதன்னைக்கு மேலே அவர் அமர்ந்து தோட்டங்களை நோக்கிய உச்சிக்கு 'லிப்டன் இருக்கை' என்று பெயர். பயணிகள் இன்றும் அங்கே ஏறிச் செல்கின்றனர். வழியெங்கும் இருபுறச் சரிவுகளில் பெண்கள் முதுகில் கூடையுடன் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்.