மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் தமிழில் நீதிமன்றத் தீர்ப்புகளும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற நிலையிலேயே பெரிதும் ஆராயப்பட்டுள்ளார். அவருடைய நீதித்துறைப் பணி, வாழ்க்கைக் குறிப்பின் ஓர் உறுப்பாக ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அவர் சட்ட உரைநடை நூலொன்றைத் தமிழுக்குத் தந்திருந்தார் என்பது கருதத்தக்கது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளையின் மகனாக 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். தமிழொடு ஆங்கிலமும் கற்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். இம்மொழிபெயர்ப்பாளர் பணியே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம். வழக்காடுவோர் தமிழில் உரைப்பது ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்தில் முடிவாவது தமிழுக்கும் மாறும் இடத்தில் எவை விடுபடுகின்றன என்பதை நாள்தோறும் காணும் வாய்ப்பு அப்பணியில் இருப்பவர்க்கே உண்டு. தேர்வில் வென்று, 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். டேனியர் வசமிருந்து 1845இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்த ஊர் அது. பின்னர்ச் சீர்காழியிலும், பதின்மூன்று ஆண்டுகள் மாயூரத்திலும் நீதி வழங்கினார்.

முன்சீப் நீதிமன்றம் எளிய மக்கள் வந்தடையும் முதற்படி. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை ஆகியவை அங்குதான் தொடங்கும். அவ்வழக்குகளைத் தீர்க்கும் நெறியோ சென்னைச் சதர் நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்புகளுள் அடங்கிக் கிடந்தது. முன்தீர்ப்பு இன்னதென அறியாதவன் தோற்கும் வழக்கையும் தொடுப்பான். அறிந்திருப்பின் ஊரளவில் பேசி முடித்திருப்பான். 1805 முதல் 1861 வரையிலான அத்தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862இல் வேதநாயகர் வெளியிட்டார். சதர் நீதிமன்றம் மறைந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். பழைய மன்றத்தின் ஐம்பத்தேழு ஆண்டு முடிவுகள், அம்மன்றம் முடிவுற்ற ஆண்டில் தமிழுக்கு வந்து சேர்ந்தன. ஒரு வழக்கின் நிகழ்ச்சிகளைச் சுருக்கி, காரணம் காட்டி, முடிவு கூறும் இப்பயிற்சி அவர்தம் பிற்கால உரைநடைக்கு அடித்தளம் இட்டிருக்க வேண்டும். நாவலின் தோற்றத்தை மேனாட்டுத் தாக்கத்தால் மட்டும் விளக்கும் போக்கு இந்நூலைக் கணக்கில் கொள்ளவில்லை.

1872இல் பதவியிலிருந்து விலகினார். 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் பாடினார். 1879இல் வந்த நாவலிலும் முன்சீப் மறையவில்லை. தமிழறிந்த நீதிபதி முன், தமிழரான வக்கீல்கள், தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதிடும் முறையைக் கதையோட்டத்தை நிறுத்தியே கண்டிக்கிறார். நாவல் இலக்கணம் நோக்குவோர் இதனைக் குறையெனக் கூறுவர். நீதிமன்றத்திலிருந்து வந்த ஒருவரின் எழுத்தாகக் கொண்டால் நூலின் மையப் பகுதிகளுள் அது ஒன்று. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

அவர் எழுப்பிய சிக்கல் பாதியளவே தீர்ந்துள்ளது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதற்கு 1976இல் செய்யப்பட்ட திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின் கீழ் உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே தொடர்கிறது. தமிழையும் அனுமதிக்கக் கோரிச் சட்டமன்றம் 2006இல் இயற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. இதன் விளைவை ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். திருப்பத்தூர் நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி கூறும் தோல் பதனிடும் தொழிலாளியின் வழக்கு, சென்னைக்கு மேல்முறையீடாகச் சென்றதும் அவருக்குப் புரியாத மொழிக்கு மாறிவிடும். அவ்வட்டாரத்தின் நீரையும் பிழைப்பையும் ஒருங்கே தொட்ட, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் கழிவு வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது. நாடெங்கும் சட்ட மாணவர் பயிலும் அத்தீர்ப்பு எழுதப்பட்டது ஆங்கிலத்தில்.